உசிக்கின் கால்களைப் படிக்கக் கற்றுத்தரும் வகுப்பு: குமரி மாவட்டக் குத்துச்சண்டைக் கூடம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

குத்துச்சண்டை கற்றுத்தரும் இடங்களில் பெரும்பாலும் உடம்புக்குத்தான் பாடம் நடக்கிறது. கயிறு தாண்டுவது, தொங்கும் பையில் குத்துவது, பயிற்சியாளர் கையில் பிடிக்கும் பேடில் அடித்துப் பழகுவது, இணையோடு மோதிப் பார்ப்பது என்று எல்லாம் உண்டு. ஒரு வீரரின் ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்து, அவர் எதனால் ஜெயிக்கிறார், எந்த இடத்தில் அவரைத் தொட முடியும் என்று ஆராயும் வழக்கம் மட்டும் அரிதாகவே இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து தக்கலை செல்லும் சாலையை ஒட்டிய ஒரு பயிற்சிக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நடைபெறும் ஆட்ட ஆய்வு வகுப்பு அந்தக் குறையைப் போக்க முயல்கிறது. உக்ரைன் நாட்டுத் தொழில்முறை வீரர் ஒலெக்சாண்டர் உசிக்கைப் பற்றிய தொடர் அங்கே அண்மையில் நிறைவடைந்தது. பள்ளி மாணவர்களுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் அத்தொடரை இறுதிவரை இருந்து கவனித்தேன். வகுப்பின் தரத்தையும், உசிக்கின் ஆட்டத்தைப் பற்றி அங்கே சொல்லப்பட்டவற்றில் எனக்கு உடன்பாடானவற்றையும் இல்லாதவற்றையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கூடம் பெரியதல்ல. தகரக் கூரை, ஒரு பக்கம் கயிறு கட்டிய மேடை, மறுபக்கம் வரிசையாகப் பைகள், சுவரில் நடுத்தர அளவுத் தொலைக்காட்சி ஒன்று. மாதக் கட்டணம் செலுத்திப் பயிற்சி பெறுகிறவர்களுக்கு இவ்வகுப்புக்குத் தனிக் கட்டணம் கிடையாது. வெளியிலிருந்து வருகிறவர்கள் ஓர் அமர்வுக்கு 100 ரூபாய் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் அமர்விலும் ஓர் ஆட்டத்திலிருந்து தேர்ந்தெடுத்த சில சுற்றுகள் மட்டும் காட்டப்படுகின்றன. முதல் முறை ஒலியில்லாமல், விளக்கமும் இல்லாமல் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை, திரையின் மேற்பாதியைத் துணியால் மறைத்துவிடுகிறார்கள்; இரண்டு ஜோடிக் கால்கள் மட்டுமே தெரியும். எந்த நொடியில் குத்து விழுந்திருக்கும் என்று கால்களை வைத்தே மாணவர்கள் சொல்ல வேண்டும். மூன்றாம் முறை துணியை எடுத்துவிட்டுப் பயிற்சியாளர் நிறுத்தி நிறுத்தி விளக்குகிறார். இந்த முறைக்கு அகன்ற கோணத்தில் எடுத்த காட்சிகளே பயன்படும் என்பதால் அவற்றைத் தேடித் தொகுப்பதற்கு அவர் செலவிட்டிருக்கும் உழைப்பு பாராட்டத்தக்கது.

குமரி மாவட்டத்தில் இந்த முறை எளிதாக எடுபடுவதற்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்குப் படுகிறது. அடிமுறை என்னும் பழைய தற்காப்புக் கலையும் சிலம்பமும் இன்றும் பயிலப்படும் மண் இது. அடிமுறையில் கையை ஓங்குவதற்கு முன்பே சுவடு, அதாவது கால் வைக்கும் முறை, சொல்லித்தரப்படுகிறது. சிலம்பத்தில் கால்மானம் தெரியாதவன் கம்பைச் சுற்றலாமே தவிர ஆட முடியாது. இப்பயிற்சியாளரும் இளமையில் அடிமுறை பயின்றவர். ஊர் வழக்கப்படி மாணவர்கள் அவரை ஆசான் என்றே அழைக்கிறார்கள். “கையப் பாக்காத மக்களே, காலப் பாரு. கைய அவன் எங்க வேணும்னாலும் காட்டுவான், காலு போற எடத்துலதான் அடி வரும்” என்று அவர் முதல் அமர்வில் சொன்னதை மாணவர்கள் எவரும் புதிய செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. தாத்தாவிடமோ மாமாவிடமோ வேறொரு கலையின் பெயரில் ஏற்கெனவே கேட்டிருந்ததைப் போலவே தலையசைத்தார்கள்.

ஆய்வுக்கு உசிக்கைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. 1987 ஜனவரி 17 அன்று கிரிமியாவின் சிம்ஃபெரோபோல் நகரில் பிறந்த அவர், 2011 உலக அமெச்சூர் போட்டியிலும் 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் 91 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். தொழில்முறைக்கு வந்தபின் 2018 ஜூலையில் மாஸ்கோவில் முராத் காசியேவை வீழ்த்தி, 200 பவுண்ட், அதாவது ஏறத்தாழ 90.7 கிலோ வரம்புள்ள க்ரூஸர்வெயிட் பிரிவில் நான்கு உலக அமைப்புகளின் பட்டங்களையும் ஒருசேரத் தன் கைக்குக் கொண்டுவந்தார். பின்னர் எடை வரம்பே இல்லாத ஹெவிவெயிட் பிரிவுக்குச் சென்று 2021இல் ஆன்டனி ஜோஷுவாவையும், 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃப்யூரியையும் வென்று அங்கும் மறுப்பில்லாத உலக வீரரானார். 2025 ஜூலை வரை ஆடிய 24 தொழில்முறை ஆட்டங்களிலும் அவருக்கே வெற்றி. உயரம் 191 சென்டிமீட்டர், கைவீச்சு 198. ஃப்யூரிக்கோ 206 உயரம், 216 கைவீச்சு. முதல் ஆட்டத்துக்கு முன் எடை பார்த்தபோது ஃப்யூரி 262 பவுண்டும் உசிக் 223.5 பவுண்டும் இருந்தார்கள். ஏழு மாதம் கழித்து நடந்த மறு ஆட்டத்தில் அந்த இடைவெளி 55 பவுண்டாக, கிட்டத்தட்ட 25 கிலோவாகக் கூடியது. உயரத்திலும் எடையிலும் கைநீளத்திலும் பின்தங்கிய ஒருவர் தொடர்ந்து ஜெயிக்கிறார் என்றால் அதற்கான விடை தசையில் கிடைக்காது. வேறெங்கோ தேட வேண்டியிருக்கிறது. மாணவர்களைத் தேட வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வீரர் இல்லை.

உசிக் இடக்கை ஆட்டக்காரர். வலக்காலும் வலக்கையும் முன்னே நிற்க, வலுவான இடக்கை பின்னே காத்திருக்கும். அவருடைய எதிராளிகளில் பெரும்பாலோர் இடக்காலை முன்வைப்பவர்கள் என்பதால், இருவருடைய முன்னங்கால்களும் ஒன்றையொன்று இடிக்கும் தூரத்தில் எதிரெதிரே நிற்கின்றன. யாருடைய முன்னங்கால் மற்றவருடைய காலுக்கு வெளிப்புறத்தில் ஊன்றுகிறதோ, அவருடைய பின்கை எதிராளியின் முகத்துக்கு நேர்க்கோட்டில் வந்துவிடும். எதிராளியின் பின்கையோ உடலைத் திருப்பிக்கொண்டு சுற்றி வரவேண்டியிருக்கும். இந்த ஒரு பாதத்தின் இடத்துக்காக இரண்டு பேர் பன்னிரண்டு சுற்றுகள் போராடுவதைத் திரையின் கீழ்ப்பாதியில் மட்டும் பார்க்கும்போது ஆட்டமே வேறொன்றாகத் தெரிகிறது. உசிக் நீளமாக அடியெடுத்து வைப்பதே இல்லை. அரையடி முன்னே, கால் அடி பக்கவாட்டில், உடனே அரையடி பின்னே என்று இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கிறார். முழங்கால்கள் எப்போதும் சற்றே மடிந்திருக்கின்றன. கடலில் வள்ளத்தில் நிற்பவர் அலையின் ஏற்ற இறக்கத்துக்கு முழங்காலைக் கொடுத்து நிற்பதைப் போன்றது இது என்று பயிற்சியாளர் சொன்னபோது, குளச்சலிலிருந்தும் முட்டத்திலிருந்தும் வந்திருந்த பிள்ளைகள் எழுந்து நின்று செய்தே காட்டினார்கள்.

இவ்விடத்தில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. வெளிப்புறக் கால் என்ற விதியைப் பயிற்சியாளர் ஏறக்குறைய மாறாத சட்டமாகவே கற்பிக்கிறார். உசிக்கின் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்தால் அவர் அந்த விதியை எதிராளிக்குப் பழக்கப்படுத்திவிட்டு அதையே மீறுகிறார் என்பது தெரியும். பல சுற்றுகள் தன் வலப்பக்கமாக, எதிராளியின் வலக்கையை விட்டு விலகிச் செல்கிறார். எதிராளி அந்தத் திசையை எதிர்பார்க்கத் தொடங்கியதும், இடக்கையை வீசிய கையோடு இடப்பக்கமாக நழுவி, எதிராளி தேடும் இடத்தில் இல்லாமல் போய்விடுகிறார். எதிராளியின் வலுவான கை இருக்கும் பக்கம் செல்வது ஆபத்து என்று எல்லாப் பயிற்சிக் கூடங்களிலும் சொல்லித்தருகிறார்கள். அந்த ஆபத்தை எந்த நொடியில் ஏற்கலாம் என்று அறிந்திருப்பதே இவருடைய மேதைமை. தொடக்க நிலை மாணவர்களுக்குச் சட்டமாகச் சொல்வதில் தவறில்லை. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆடிய மாணவர்களும் அதே வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மீறலையும் காட்டியிருக்க வேண்டும்.

முன்கையை, அதாவது முன்னே நிற்கும் கையைப் பற்றிய அமர்வு தொடரிலேயே மிகச் சிறந்தது. ஜாப் எனப்படும், முன்கையால் நேராக விடும் விரைவுக் குத்து, உசிக்குக்கு வலக்கையில் வருகிறது; அது ஆளை வீழ்த்தும் குத்தாக எண்ணப்படுவதில்லை. அது பெரும்பாலும் எதிராளியின் முன்கையைத் தட்டுகிறது, அழுத்துகிறது, கண்ணுக்கு முன்னே ஆடி மறைக்கிறது, சில வேளை நெற்றியை மெல்லத் தொட்டுத் தூரத்தை அளக்கிறது. எதிராளி அதைத் தட்டிவிடக் கையைத் தூக்கும்போது வயிறு திறக்கிறது; கண்டுகொள்ளாமல் விட்டால் அதே கை உண்மையான குத்தாக மாறுகிறது. 2023 ஆகஸ்டில் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் டேனியல் டுபுவாவுடன் நடந்த ஆட்டம் ஒன்பதாம் சுற்றில் இந்த வலக்கை ஜாப்பினால்தான் முடிந்தது. அக்காட்சியைக் காட்டியபோது பயிற்சியாளர் கடைசிக் குத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தைய சுற்றுகளில் அதே கை எத்தனை வேலைகளைச் செய்தது என்பதற்கே நேரம் ஒதுக்கினார். போக்குக் காட்டுவது என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிற செயலுக்குள் அளப்பது, மறைப்பது, சீண்டுவது, சோர்வடையச் செய்வது என்று தனித்தனி நோக்கங்கள் இருப்பதை இவ்வளவு தெளிவாக வேறெவரும் விளக்கி நான் கேட்டதில்லை.

இடக்கையைப் பொறுத்தவரை, உசிக் அதை முகத்துக்கு மட்டுமல்லாமல் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நேராகச் செலுத்துகிறார். இடக்காலை முன்வைத்து நிற்பவரின் வலப்பக்க விலாவுக்குக் கீழே கல்லீரல் இருக்கிறது. எதிரே நிற்கும் இடக்கை ஆட்டக்காரரின் பின்கைக்கு அந்தப் பக்கமே வாகாகத் திறந்திருக்கும். கல்லீரலில் அடிபட்டவர் ஒரு நொடி ஒன்றும் நடக்காதவர்போல் நின்று, பிறகு கால் மடங்கி உட்கார்ந்துவிடுவதை எந்தக் குத்துச்சண்டை ரசிகரும் பார்த்திருப்பார். “ஆசானே, அது வர்ம இடமா?” என்று ஒரு மாணவன் கேட்டான். வர்மத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்பிக்கையோடு கேட்கும் ஊரில் இக்கேள்விக்கு ஒரு மர்மக் கதையைப் பதிலாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. பயிற்சியாளர் அப்படிச் செய்யவில்லை. கல்லீரல் எங்கே இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள நரம்புகள் தாக்கப்படும்போது உடல் ஏன் தன் விருப்பத்தை மீறிச் சுருண்டுவிடுகிறது என்பதைப் படம் வரைந்து விளக்கினார். பயிற்சி மோதலில் அந்த இடத்தைக் குறிவைத்து முழு வலுவோடு அடிக்கக் கூடாது என்று கண்டிப்பாகவும் சொன்னார். இந்தப் பொறுப்புணர்வுக்காகவே இவ்வகுப்பை நான் பிறருக்குப் பரிந்துரைக்கத் தயங்கமாட்டேன்.

ஆட்டத்தின் பிற்பகுதியில் உசிக் மேலும் கூர்மையடைவது எல்லோரும் அறிந்தது. ஆனால் அதற்கு மூச்சுத்திறன் மட்டும் காரணமல்ல என்பதை வகுப்பு நன்றாக நிறுவியது. முதல் சில சுற்றுகளில் அவர் எதிராளியிடமிருந்து பதில்களைச் சேகரிக்கிறார்: இந்த அசைவுக்கு இவர் பின்வாங்குகிறாரா, கையைத் தாழ்த்துகிறாரா, உடனே திருப்பி அடிக்கிறாரா என்று. சேகரித்ததைப் பிற்பாதியில் பயன்படுத்துகிறார். 2022 ஆகஸ்டில் ஜெத்தாவில் நடந்த ஜோஷுவாவுடனான மறு ஆட்டத்தில் ஒன்பதாம் சுற்று ஜோஷுவாவின் மிகச் சிறந்த சுற்று. வயிற்றில் விழுந்த அடிகளால் உசிக் தடுமாறியதைப் பார்த்தவர்கள் ஆட்டம் கைமாறிவிட்டது என்றே எண்ணியிருப்பார்கள். பத்தாம் சுற்றில் உசிக் திருப்பிக் கொடுத்த வேகத்தை இரண்டு சுற்றுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டியபோது கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. 2024 மே மாத ஃப்யூரி ஆட்டத்திலும் இதே கதைதான். நடுச் சுற்றுகள் ஃப்யூரியின் கையில் இருந்தன. எட்டாம் சுற்றில் உசிக்கின் இடக்கை ஃப்யூரியின் மூக்கைப் பதம் பார்த்தது. ஒன்பதாம் சுற்றில் ஃப்யூரி கயிற்றிலிருந்து கயிற்றுக்குத் தள்ளாட, கயிறுகளே அவரைத் தாங்கி நிறுத்தின என்று மேடையில் நின்ற நடுவர் தீர்மானித்து, அவர் விழுந்ததாகவே கொண்டு எண்ணத் தொடங்கினார்.

குறைகளைப் பற்றிய அமர்வுகளுக்கு வருகிறேன். தொழில்முறையில் வெற்றி மட்டுமே பெற்ற ஒரு வீரரிடம் குறை தேடுவது கடினமான வேலை. ரசிகர்கள் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதும் உண்டு. இங்கே அது நேர்மையாகச் செய்யப்பட்டது. உசிக்கின் வயிற்றுப் பகுதி, குறிப்பாக அவர் கைகளை உயர்த்திக்கொண்டு பின்வாங்கும் நேரத்தில், அடிக்கு இடம் கொடுக்கிறது. ஜோஷுவா அதைப் பயன்படுத்தினார், ஃப்யூரியும் பயன்படுத்தினார். உள்ளே நுழைவதற்காகத் தலையைத் தாழ்த்தும் பழக்கம் அவருக்கு இருப்பதால், உயரமான எதிராளி கீழிருந்து மேலாகச் செலுத்தும் அப்பர்கட் அவரைச் சந்திக்கிறது. ரியாத்தின் முதல் ஆட்டத்தின் நடுச் சுற்றுகளில் ஃப்யூரி இதைப் பலமுறை செய்து காட்டினார். ஓய்வில்லாமல் நெருக்கிக்கொண்டே வருபவரும் அவருக்குத் தொல்லை தருகிறார்; 2020 அக்டோபரில் டெரெக் சிசோரா முதல் சுற்றுகளில் அவரைக் கயிற்றோரம் தள்ளிக்கொண்டே இருந்தார், மூன்று மதிப்பெண் நடுவர்களில் இருவர் அந்த ஆட்டத்தை 115–113 என்றே கணக்கிட்டார்கள். 2018 ஜனவரியில் ரிகா நகரில் மைரிஸ் ப்ரியேடிஸுடன் நடந்த ஆட்டத்தில் ஒரு நடுவர் 114–114 என்று சமமாகவே எழுதினார்.

ஒரே குத்தில் ஆளைச் சாய்க்கும் வலு அவருக்கு இல்லை என்று வகுப்பில் சொல்லப்பட்டதை நான் பாதியளவே ஏற்கிறேன். 2025 ஜூலை வரை ஹெவிவெயிட் பிரிவில் ஆடிய எட்டு ஆட்டங்களில் ஐந்து முழுத் தூரமும் சென்று மதிப்பெண்ணால் முடிவானவை என்பது உண்மை. ஆனால் அந்த 2025 ஜூலையிலேயே லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் டுபுவாவுடன் நடந்த மறு ஆட்டம் ஐந்தாம் சுற்றில் ஹூக் எனப்படும், பக்கவாட்டில் வளைத்து வீசும் ஓர் இடக்கைக் குத்தினால் முடிந்தது. எதிராளி தானாக முன்னே பாய்ந்து வரும் தருணத்தைத் தேர்ந்தெடுத்து அடித்தால் எதிராளியின் எடையும் அந்தக் குத்தோடு சேர்ந்துகொள்கிறது. வலு என்பது தோளிலிருந்து மட்டும் வருவதல்ல என்று கால்களைப் பற்றி இவ்வளவு பேசிய வகுப்பு இங்கேயும் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆட்டத்தை ஒருமுறை மட்டும் ஓட்டிக் காட்டிவிட்டுக் கடந்து சென்றது ஏமாற்றமளித்தது.

குறை ஒன்று இருப்பதும் அதை எதிராளி பயன்படுத்த முடிவதும் வெவ்வேறு என்ற பாடம் மாணவர்களுக்குப் பெரிதும் உதவும். உசிக்கின் வயிற்றை அடிக்க அவருக்கு அருகில் போக வேண்டும்; அருகில் போனால் பக்கவாட்டில் நழுவிவிடுகிறார்; நழுவாமல் தடுக்க மேடையின் பரப்பைச் சுருக்க வேண்டும்; அதற்குச் சிசோராவின் பிடிவாதமும் ஃப்யூரியின் கைநீளமும் ஒரே ஆளிடம் வேண்டும். இப்படிப் படிப்படியாக யோசிக்கும்படி மாணவர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழு உசிக்கை வெல்லத் திட்டம் வகுக்க, மற்றொன்று அதை முறியடிக்க வேண்டியிருந்தது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் மேடையின் மூலைகளைத் தரையில் சாக்பீஸால் வரைந்து வாதாடியதைக் கேட்டபோது, பாடம் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்திருக்கிறது என்ற மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று. 2023இல் டுபுவா ஐந்தாம் சுற்றில் செலுத்திய குத்து இடுப்புப் பட்டைக்குக் கீழே பட்டதா இல்லையா என்ற பழைய சர்ச்சையும் எழுந்தது. நடுவர் அதைத் தாழ்ந்த அடி என்று தீர்மானித்து உசிக்குக்கு மீள்வதற்கு நேரம் கொடுத்தார். இடுப்புப் பட்டை எந்த உயரத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பதே முடிவை மாற்றக்கூடிய அளவுக்கு எல்லையோரத்தில் விழுந்த அடி அது. நடுவர் கண்ட கோணத்தில் அந்தத் தீர்ப்பு நியாயமானது என்பதே என் கருத்து. என்றாலும், அந்த அடிக்குப் பின் உசிக் காட்டிய அவஸ்தை வயிற்றுப் பகுதியைப் பற்றிய ஐயத்தை வலுப்படுத்துகிறது என்று மாணவர்கள் சொன்னதை மறுக்க முடியவில்லை.

வகுப்பின் பெருங்குறை, மதிப்பெண் கணக்கை அறவே தொடாதது. தொழில்முறை ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றிலும் வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒருவர் ஒருமுறை கீழே விழுந்தாலோ, விழுந்ததாக மேடை நடுவர் எண்ணினாலோ அது பெரும்பாலும் 10–8 ஆகிறது. முதல் ஃப்யூரி ஆட்டத்தில் ஒரு மதிப்பெண் நடுவர் 115–112 என்றும் மற்றொருவர் 114–113 என்றும் உசிக்குக்கு எழுத, மூன்றாமவர் 114–113 என்று ஃப்யூரிக்கு எழுதினார். மூன்று தாள்களிலும் இரண்டு எண்களையும் கூட்டினால் 227 வருகிறது. பன்னிரண்டு சுற்றுகளும் 10–9 என்று முடிந்திருந்தால் 228 வர வேண்டும். குறைகிற அந்த ஒரு புள்ளி ஒன்பதாம் சுற்றுக்கு உரியது. அதை ஃப்யூரிக்குத் திருப்பிச் சேர்த்துப் பார்த்தால் இரண்டாம் நடுவரின் தாள் 114–114 என்று சமமாகிவிடும். அப்போது ஒருவர் உசிக்குக்கு, ஒருவர் ஃப்யூரிக்கு, ஒருவர் சமம் என்றாகி ஆட்டமே வெற்றி தோல்வியின்றி முடிந்திருக்கும். கயிறுகள் தாங்கிய அந்தச் சில நொடிகளில் மேடை நடுவர் எண்ணத் தொடங்கியதுதான் உலகப் பட்டத்தைத் தீர்மானித்தது. ஒரு வீரரின் பாணியை மதிப்பிடும்போது அவர் சுற்றுகளை எப்படி வெல்கிறார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சுற்றின் கடைசி அரை நிமிடத்தில் வேகம் கூட்டுவது, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் குத்துகளைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் பாணியின் பகுதிகளே. இரண்டாம் ஆட்டத்தில் மூன்று நடுவர்களும் 116–112 என்று ஒரேமாதிரி எழுதும் அளவுக்கு உசிக் தெளிவாக ஆடினார் என்றால், முதல் ஆட்டத்தின் கணக்கிலிருந்து அவர் எதைக் கற்றார் என்ற கேள்வி ஒரு முழு அமர்வுக்குப் போதுமானது.

வசதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டத்தில் தகரக் கூரையின் கீழ் வகுப்பு நடத்தினால் மழை நேரத்தில் பேச்சு கேட்காது; ஒரு சிறிய ஒலிபெருக்கி வாங்கினால் தீர்ந்துவிடும். வகுப்பு சொன்ன நேரத்துக்குத் தொடங்குவதில்லை. அதனால் கடலோர ஊர்களுக்குத் திரும்ப வேண்டிய பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், முக்கியமான இறுதிப் பகுதியை விட்டுவிட்டுப் பேருந்துக்கு ஓடுகிறார்கள். இது சிறிய குறையன்று. உடனே திருத்தப்பட வேண்டும்.

ஒருவர் நினைவிழந்து விழும் காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் வழக்கத்தையும் குறைத்துக்கொள்ளலாம். விழுவதற்கு முந்தைய பத்து நொடிகளில்தான் கற்க வேண்டியது இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் உற்சாகத்தில் மாணவர்கள் மேடையேறி மோத விரும்பும்போது பயிற்சியாளர் அதை அனுமதிப்பதில்லை. தரையில் ஒட்டிய நாடாவின் மேல் கால் வைப்பை மட்டும் பழகச் சொல்கிறார். தலையில் படும் அடிகளின் தீமை சிறுகச் சிறுகச் சேரக்கூடியது என்பதை உணர்ந்த ஒருவரின் ஒழுங்கு இது.

இறுதியாக, உசிக்கிடமிருந்து இப்பிள்ளைகள் எதை எடுத்துக்கொள்ள முடியும் என்ற கேள்வி இருக்கிறது. அவர்கள் ஆடப்போவது அமெச்சூர் ஆட்டங்கள், மூன்றே சுற்றுகள். நான்கு சுற்றுகள் செலவிட்டுப் பதில்களைச் சேகரித்து ஒன்பதாம் சுற்றில் பயன்படுத்தும் பொறுமைக்கு அங்கே இடமில்லை. உடல் வகையிலும் 48 கிலோ முதல் 60 கிலோ வரையிலான பிள்ளைகளே அங்கு மிகுதி. நூறு கிலோ மனிதர்களின் வேகமும் இடைவெளியும் அவர்களுக்குப் பொருந்துவதில்லை. இதற்குத் தீர்வு உசிக்கிடமே இருக்கிறது. லண்டன் ஒலிம்பிக்கில் இத்தாலியின் கிளெமென்டே ருஸ்ஸோவை இறுதியாட்டத்தில் வென்றபோது அவர் ஆடியதும் மூன்று சுற்று ஆட்டம்தான். அதே கால்கள், அதே முன்கை, ஆனால் சேகரிப்பதும் பயன்படுத்துவதும் ஒரே சுற்றுக்குள் நடக்க வேண்டிய நெருக்கடி. அந்த ஆட்டத்தையும் ரியாத் ஆட்டத்தையும் அருகருகே வைத்துக் காட்டினால் எது இடத்துக்கேற்ப மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பது மாணவர்களுக்குத் தாமாகவே புலப்படும்.

இந்த யோசனையைப் பயிற்சியாளரிடம் நேரில் தெரிவித்தேன். குறிப்பெடுத்துக்கொண்டு, லண்டன் ஆட்டத்துக்கு ஓர் அமர்வு ஒதுக்குவதாகச் சொன்னார். அடுத்த தொடருக்கு மற்றொரு ஹெவிவெயிட் வீரரை அவர் எண்ணியிருக்கிறார். 2022இல் இஸ்தான்புல்லிலும் 2023இல் புது தில்லியிலும் உலகப் பட்டம் வென்ற இந்திய வீராங்கனை நிகத் ஸரீனை எடுத்துக்கொள்ளுமாறு நான் கேட்டிருக்கிறேன். 52 கிலோவிலும் 50 கிலோவிலும் ஆடிய அவருடைய வேகம் இங்குள்ள பிள்ளைகளின் உடலுக்கு நெருக்கமானது; முன்வரிசையில் அமர்ந்து ஒவ்வோர் அமர்விலும் மிகக் கூர்மையான கேள்விகளைக் கேட்கும் மூன்று பெண் பிள்ளைகளுக்கு அது உரிய மரியாதையாகவும் இருக்கும். உசிக் தொடரைத் தவறவிட்டவர்களுக்காக அதை மீண்டும் நடத்தும் எண்ணமும் கூடத்துக்கு இருக்கிறது. அப்படி நடந்தால், வெளியாட்கள் முன்கை அமர்வுக்கும் குறைகளைப் பற்றிய இரண்டு அமர்வுகளுக்கும் மட்டும் கட்டணம் கொடுத்துச் சென்றாலும் கொடுத்த பணத்துக்கு மேலாகவே கற்றுத் திரும்பலாம்.